மறந்தவரும் மறைத்தவர்களும்

மனித வாழ்வின் பருவங்களை அருள்மறை பல இடங்களில் எடுத்துரைக்கிறது. பலவீனத்தில் தொடங்கி, பலத்தில் நிமிர்ந்து, மீண்டும் பலவீனத்திலும் நரையிலும் முடிகிற பயணம் இது என்பதை ‘அர்ரூம்’ அத்தியாயத்தின் 54-வது வசனம் உணர்த்துகிறது. ‘அந்நஹ்ல்’ அத்தியாயத்தின் 70-வது வசனமோ இன்னும் ஒரு படி உள்ளே செல்கிறது. அறிந்திருந்தவர் அறியாதவராகிவிடும் அளவுக்கு, வயதின் கடைக்கோடிக்குத் தள்ளப்படுவோரும் நம்மில் உண்டு என்று அது அறிவிக்கிறது. இவ்வசனத்தை நாம் எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். பிறருக்கு விளக்கமும் சொல்லியிருக்கிறோம். ஆனால், அந்த நிலை நம் வீட்டுத் திண்ணைக்கே வந்து, நம் வாப்பாவின் சாய்வு நாற்காலியில் அமரும்போது அதை நாம் அடையாளம் கண்டுகொள்கிறோமா? கண்டுகொண்டாலும், அதற்குரிய கடமையைச் செய்கிறோமா? இதுவே இங்கு நாம் சிந்திக்க வேண்டிய கேள்வியாகும்.

ஒரு மஸ்அலாவும் அதன் பின்னணியும்

சில மாதங்களுக்கு முன் காரைக்காலில், மஃரிபுத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த நேரம். கடைத்தெருவில் வணிகம் செய்யும் ஒரு சகோதரர் நம்மிடம் வந்தார். நம்மைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர்.

“ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும். வாப்பா ஒரே அஸரை மூணு தடவை தொழுவுறாங்க. தொழுதாச்சு வாப்பான்னு சொன்னா கோபம் வருது. தடுக்கலாமா? தடுத்தா நமக்குப் பாவமா?” என்று கேட்டார்.

“எவ்வளவு நாளா இப்படி, நானா?” என்று கேட்டோம்.

“இந்தப் பத்துப் பதினஞ்சு நாளாத்தான்.”

“அதுக்கு முன்னாடி வீட்டுல ஏதாவது நடந்துச்சா?”

“ஒண்ணும் நடக்கலை ஹஜ்ரத். ஊட்டுல உள்ளவங்க அவங்க உம்மாவைக் கூட்டிக்கிட்டு உம்ராவுக்குப் போயிருக்காங்க. வேற ஒண்ணுமில்லை.”

அந்த ‘வேற ஒண்ணுமில்லை’ என்ற சொல்லுக்குள்தான் எல்லாமே இருந்தது. மறுநாள் நாம் அவர் வீட்டுக்குச் சென்று பெரியவரைப் பார்த்தோம். எண்பதைத் தாண்டிய வயது. ஒரு காலத்தில் ஊரறிந்த ஜவுளி வியாபாரி. நம்மைக் கண்டதும் எழுந்து ஸலாம் சொன்னார். பிரெஞ்சுக்காரர் ஆட்சி முடிந்து 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி ஊரில் கொடி மாறிய நாளைப் பற்றிப் பேசினார். அன்று தமக்குப் பத்து வயது என்றார். தம் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு எந்தத் தெருவில் நின்று பார்த்தார் என்பது முதல், யார் மிட்டாய் கொடுத்தார் என்பது வரை சொன்னார். ‘யாஸீன்’ ஓதிக் காட்டச் சொன்னபோது ஓரிடத்திலும் தடுமாறவில்லை. காலையில் என்ன பசியாறினீர்கள் என்று கேட்டோம். பதில் வரவில்லை. சிறிது நேரம் மகனின் முகத்தைப் பார்த்தார். பிறகு மீண்டும் 1954-க்கே திரும்பிச் சென்றுவிட்டார்.

அந்தப் பதினைந்து நாட்களில் நடந்தவற்றை மகன் ஒவ்வொன்றாகச் சொன்னார். சர்க்கரை மாத்திரையை ஒரே காலையில் இரு முறை போட்டுக்கொண்டிருக்கிறார். அறுபது ஆண்டுகளாக நடந்த பள்ளிவாசல் வழியில் திசை தவறி நின்றவரை ஒரு மீன்காரர் அழைத்து வந்திருக்கிறார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்திருக்கிறார். “திடீர்னு இப்படி ஆயிட்டாங்க ஹஜ்ரத்” என்றார் மகன்.

திடீரென்று ஆகவில்லை. உம்ராவிலிருந்து திரும்பிய மருமகளிடம் கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகளாக அந்தப் பெண்மணி ஒரு குடும்பத்தின் ரகசியத்தைத் தனியாகச் சுமந்திருக்கிறார். மாத்திரையைக் கையில் வைத்து, விழுங்கும்வரை நின்றிருக்கிறார். கைலியையும் சட்டையையும் உடுத்தும் வரிசையிலேயே எடுத்து வைத்திருக்கிறார். “அஸருக்குப் பாங்கு சொல்லிட்டாங்க மாமா” என்று எழுப்பியதும் அவரே. தொழுது முடித்ததும், “தொழுதுட்டீங்க மாமா, டீ ஆறுது” என்று மனத்தை அடுத்த காரியத்துக்குத் திருப்பியதும் அவரே. பள்ளிக்குச் செல்லும்போது பேரனைக் கூட அனுப்பியிருக்கிறார். பாட்டனார் பேரனை அழைத்துச் செல்வதாக ஊர் நினைத்தது. பேரன்தான் பாட்டனாரை அழைத்துச் சென்றான்.

மறதி இரு வகை

மறதி மனித இயல்பு, அது குற்றமன்று. பெருமானார் (ஸல்) அவர்களே ஒரு முறை தொழுகையில் ரக்அத்தைக் கூட்டித் தொழ நேர்ந்தது. அப்போது, தாமும் மனிதரே, தோழர்களைப் போலவே மறக்கக் கூடியவரே என்றும், மறந்தால் நினைவூட்டுமாறும் அவர்கள் சொன்னதாக இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியில் இடம்பெற்றிருக்கிறது. சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவதும், தெரிந்தவரின் பெயர் நாவில் வராமல் தடுமாறுவதும் இந்த வகை. சற்றுப் பொறுத்தால் நினைவு திரும்பிவிடும். பிறர் எடுத்துச் சொன்னால், “ஆமாம்” என்போம்.

மற்றொரு மறதி உண்டு. எடுத்துச் சொன்னாலும் திரும்பாது. ஏனெனில் அந்தச் செய்தி உள்ளே பதியவே இல்லை. 1906-ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டமொன்றில், அலோயிஸ் அல்ஸைமர் என்ற மருத்துவர் இத்தகைய ஒரு நோயாளியின் வரலாற்றை விவரித்தார். அவர் அந்தப் பெண்மணியை 1901-இல் முதலில் பார்த்தபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்றுதான். இறந்த பின் மூளையை ஆராய்ந்ததில், நரம்பணுக்களுக்கு வெளியே ஒரு வகைப் படிவுகளும் உள்ளே முறுக்கிய இழைகளும் காணப்பட்டன. 1910-இல் அந்நோய்க்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது.

பெரும்பாலும் இந்நோய் முதலில் தாக்குவது, புதிய செய்திகளைப் பதிவு செய்யும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியையும் அதன் அண்டைப் பகுதியையும் ஆகும். ஆகவேதான் இன்று காலைப் பசியாறியது மறக்கிறது, 1954 மறக்கவில்லை. சிறு வயதில் மனனம் செய்த யாஸீனும், உடம்பு பழகிவிட்ட ஒளூவும் தொழுகை அசைவுகளும் நெடுங்காலம் நிற்கின்றன. ‘யாஸீன் ஓதுகிறவருக்கு என்ன மறதி?’ என்று நாம் ஏமாறுவதும் இதனால்தான்.

நினைவு குறையும்போது அன்றாடச் செயல்கள் எவ்வாறு குறைகின்றன என்பதையும் மருத்துவர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். முதலில் கைவிட்டுப் போவன, திட்டமிட்டுச் செய்ய வேண்டிய பெரிய காரியங்கள்: பண விவகாரம், மருந்து, கடைக்குப் போதல், தனியே பயணம், சமையலின் வரிசை. குளித்தல், உடுத்தல், உண்ணல் போன்றவை பின்னரே பாதிக்கப்படுகின்றன. முதல் வகையைக் கணக்கிட லாட்டனும் பிராடியும் 1969-இல் ஓர் அளவுகோல் வகுத்தனர்; இரண்டாவது வகைக்குக் காட்ஸ் என்பவர் 1963-இலேயே வகுத்திருந்தார்.

இங்கு கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நினைவு எவ்வளவு குறைந்ததோ, செயலும் அதே அளவு குறையும் என்பதில்லை. ஒரே அளவு மறதியுள்ள இருவரில் ஒருவர் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்வார், மற்றவர் தடுமாறுவார். பழக்கம், ஒழுங்கான நாள்முறை, காது கேட்கும் திறன், மனச்சோர்வு, திட்டமிடும் ஆற்றல், அருகில் இருப்பவரின் துணை ஆகிய அனைத்தும் இதில் பங்கு பெறுகின்றன. நமது பெரியவரின் நினைவு அந்தப் பதினைந்து நாட்களில் சட்டெனக் குறைந்துவிடவில்லை. அதைத் தாங்கி நின்ற கை பதினைந்து நாட்கள் இல்லை. அவ்வளவுதான்.

வேலூர் கிராமங்கள் தந்த பாடம்

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. 1998-இல் கொச்சியில் கூடிய அறிஞர்கள், ‘10/66’ என்ற பெயரில் ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தார்கள். நினைவிழப்பு நோயாளிகளில் நூற்றுக்கு அறுபத்தாறு பேர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், ஆய்வுகளில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றி நடைபெறவில்லை என்பதே அப்பெயரின் பொருள். அக்குழு ஆய்வு செய்த இடங்களில் நமது சென்னை நகரமும், வேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களும் அடங்கும்.

65 வயதைத் தாண்டியோரைப் பற்றிய அதன் முடிவுகள் 2008-இல் லான்செட் மருத்துவ ஏட்டில் வெளியாயின. அமெரிக்க மனநல மருத்துவர்களின் வழக்கமான அளவுகோலின்படி கணக்கிட்டபோது, கியூபாவில் நூற்றுக்கு 6.3 பேருக்கு இந்நோய் இருந்தது. இந்தியக் கிராமப் பகுதியிலோ 0.3 மட்டுமே! நம் கிராமத்துப் பெரியவர்களுக்கு இந்நோய் ஏறத்தாழ இல்லையென்றே சொல்லிவிடலாம் போலிருந்தது. ஆனால், அக்குழு தானே வகுத்த முறைப்படி கணக்கிட்டபோது, ஆய்வு நடந்த எல்லா இடங்களிலுமே அளவு 5.6-க்கும் 11.7-க்கும் இடையில் அமைந்தது.

ஏன் இந்த வேறுபாடு? வழக்கமான அளவுகோல், நினைவு குறைந்தால் மட்டும் போதாது, அதனால் அன்றாட வாழ்வும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்கிறது. அதை வீட்டாரே சொல்ல வேண்டும். நம் வீட்டார் சொல்லவில்லை. வயதானவரிடம் நாம் எந்த வேலையையும் எதிர்பார்ப்பதில்லை; அவர் செய்துவந்ததையெல்லாம் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். பிறகு, “உங்கள் மாமனாரின் காரியங்களில் ஏதாவது குறை தெரிகிறதா?” என்று கேட்டால், “ஒண்ணும் இல்லீங்க, வயசாச்சுல்ல” என்ற பதில்தான் வருகிறது. நம் பாசம் நோயைத் தாங்கியது. தாங்கியதாலேயே அதை மறைத்தும்விட்டது. 2023-இல் வெளிவந்த வேறோர் ஆய்வு, நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியோரில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், நினைவிழப்பு நோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டிருக்கிறது.

அறிந்து மறைத்தவர்கள்

பெற்றோரின் குறையை மறைப்பது நற்செயல்தானே என்று சிலர் கேட்கலாம். இதற்கு நம் முன்னோர்களின் வாழ்விலேயே தெளிவான பதில் இருக்கிறது.

நபிமொழிகளை அறிவித்தவர்களை ஆராய்ந்த இமாம்கள், ஓர் அறிவிப்பாளரிடம் இரண்டு தகுதிகளைத் தனித்தனியே பார்த்தார்கள். ஒன்று ‘அதாலத்’ என்னும் நேர்மை; மற்றொன்று ‘ளப்து’ என்னும் மனன உறுதி. முதுமையில் மனன உறுதி குலைவதற்கு ‘இக்திலாத்’ என்று பெயரிட்டார்கள். இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் ஹதீஸ் கலை பற்றிய தம் நூலில் இதற்கெனத் தனிப் பிரிவே ஒதுக்கினார்கள். கூஃபா நகரத்து அதாவு இப்னுஸ் ஸாயிப் (ரஹ்) அவர்களுக்கு இந்நிலை ஏற்பட்டபோது, அதற்கு முன் அவரிடம் கேட்டவர்களின் அறிவிப்பை ஏற்றார்கள்; பின்னர் கேட்டவர்களின் அறிவிப்பை ஒதுக்கினார்கள். ஆனால் அவருடைய நேர்மையைக் குறைத்துப் பேசவில்லை. நினைவு போவது ஒன்று, மனிதரின் கண்ணியம் போவது வேறொன்று என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் பிரித்து வைத்தார்கள்.

ஹிஜ்ரி 170-இல் மறைந்த பஸராவின் ஜரீர் இப்னு ஹாஸிம் (ரஹ்) அவர்களின் வரலாறு நம் கேள்விக்கு நேராகவே விடை தருகிறது. அவருடைய மக்கள் ஹதீஸ் கலையில் தேர்ந்தவர்கள். தந்தையிடம் தடுமாற்றத்தைக் கண்டதும், மாணவர்கள் அவரிடம் வந்து கேட்காதபடி அவரைத் திரையிட்டுக் காத்தார்கள். ஆகவே தடுமாற்றக் காலத்தில் அவரிடமிருந்து எவரும் எதையும் கேட்டு அறிவிக்கவில்லை. அவருடைய பெயருக்கும் களங்கம் வரவில்லை. மார்க்கத்துக்கும் சேதம் வரவில்லை.

அவர்களும் மறைத்தார்கள், நாமும் மறைக்கிறோம். இரண்டும் ஒன்றா? அவர்கள் முதலில் தாங்கள் அறிந்தார்கள். அறிந்தபின், தீங்கு நேரக்கூடிய ஒரு வாசலை மட்டும் அடைத்தார்கள். நாமோ நாமே அறியாமல் இருப்பதற்காக மறைக்கிறோம். அண்டை வீட்டார் என்ன சொல்வார்களோ, வாப்பாவைப் ‘புத்தி பேதலித்தவர்’ என்பார்களோ, மகளின் சம்பந்தம் தடைபடுமோ என்று அஞ்சி, மருத்துவரிடம்கூடச் சொல்வதில்லை.

இதனால் விளையும் இழப்பு சிறிதன்று. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பின்விளைவு ஆகியவையும் இதே போன்ற மறதியை உண்டாக்கும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. காட்டினால்தானே தெரியும்? அல்ஸைமர் நோயேயானாலும், அதைக் குணப்படுத்தும் மருந்து இல்லாவிட்டாலும், சிலருக்குச் சில காலம் துணை செய்யும் மருந்துகள் இருக்கின்றன. மாத்திரையை இருமுறை விழுங்குவதும், எரியும் அடுப்பை மறப்பதும் போன்ற ஆபத்துகளை முன்கூட்டியே தடுக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. நோயின் தொடக்கத்தில் அவருக்கு இன்னும் தெளிவு இருக்கிறது. யாருக்குக் கடன், யாருடைய அமானிதம் தம்மிடம் இருக்கிறது, எதை வஸிய்யத் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லக்கூடிய காலம் அது. வஸிய்யத் செய்ய வேண்டிய பொருள் உள்ள முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள்கூடக் கழிக்கலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை அல்லவா? ‘வாப்பா நன்றாகத்தான் இருக்கிறார்’ என்று நாம் நடித்துக் கழிக்கும் ஒவ்வொரு மாதமும், அவர் தம் பொறுப்பைத் தீர்த்துக்கொள்ளும் வாய்ப்பை அவரிடமிருந்து பறித்த மாதமாகும். மறுமையில் கேட்கப்படப் போகிறவர் அவர். அவகாசத்தை வீணாக்கியவர்கள் நாம்.

நாம் செய்த தவறு

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அதைப் பிறர் மேல் சுமத்தாமல், நம்மிடமிருந்தே சொல்லிவிடுகிறோம். நாம் இமாமத் பொறுப்பேற்ற தொடக்கக் காலம். முதல் ஸஃப்பில் வழக்கமாக நிற்கும் ஒரு பெரியவர், மஃரிபில் நான்காவது ரக்அத்துக்கு எழத் தொடங்கினார். ஸஜ்தாவில் நெடுநேரம் இருந்துவிட்டார். சில வேளை தொழுகைக்குள்ளேயே பேசினார். ஜமாஅத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நாம் அவருடைய மக்களை அழைத்து, “இனி வீட்டிலேயே தொழச் சொல்லுங்கள், அவருக்குச் சலுகை இருக்கிறது” என்று சொல்லிவிட்டோம். சலுகை இருப்பது உண்மைதான். ஆனால் அவர் சலுகையைக் கேட்கவில்லையே! அதன் பிறகு அவரைப் பள்ளிவாசலில் நாம் கண்டது ஜனாஸாவாகத்தான். இடைப்பட்ட மாதங்களில், பாங்கு சொன்னதும் வாசலுக்கு வந்து நின்றுவிடுவார் என்றும், கதவைப் பூட்டி வைத்தோம் என்றும் பின்னர் அவர் மகன் சொன்னபோது நம்மால் பதில் பேச முடியவில்லை.

ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் நாம் படித்த ஒரு சட்டம் அன்று நினைவுக்கு வந்தது. இமாமுக்குப் பின்னால் தொழுபவர் மறதியாகச் செய்யும் பிழையை இமாம் சுமந்துகொள்கிறார். அதற்காகப் பின்தொழுபவர் தனியே ஸஜ்தா ஸஹ்வு செய்ய வேண்டியதில்லை. தனியே தொழுபவரோ எண்ணிக்கையில் ஐயம் வந்தால் குறைந்த எண்ணிக்கையை வைத்துப் பூர்த்தி செய்து, ஸஜ்தா ஸஹ்வும் செய்ய வேண்டும். எண்ணிக்கையை நினைவில் வைக்க இயலாதவருக்கு எது எளிது? ஜமாஅத்துதானே! யாருக்கு ஜமாஅத்து மிகவும் தேவைப்பட்டதோ, அவரைத்தான் நாம் வீட்டுக்கு அனுப்பினோம். முதல் ஸஃப்பின் ஓரத்தில், மகனை அருகில் நிறுத்தி, அவரைத் தொழ வைத்திருக்கலாம். அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக!

ஒவ்வொரு செயலுக்கும் தனி அளவு

மறைப்பதும் தவறு, எல்லாவற்றையும் பறிப்பதும் தவறு. அப்படியானால் எதுதான் சரி? உஸூலுல் ஃபிக்ஹு அறிஞர்கள் மனிதனின் தகுதியை இரண்டாகப் பிரிக்கிறார்கள். உரிமைகளும் கடமைகளும் ஒருவரைச் சாரும் தகுதி ஒன்று. தானே செயல்படும் தகுதி மற்றொன்று. முதலாவது மனிதன் உயிரோடிருக்கும்வரை நீங்காது. இரண்டாவது அறிவைப் பொறுத்துக் குறையும். அதுவும் ஒரே நாளில் முழுவதும் போய்விடுவதில்லை. ஆகவே ஒவ்வொரு செயலையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

தொழுகை: அறிவு தெளிந்திருக்கும் நேரங்களில் அது கடமையே. மறந்து விட்ட தொழுகையை நினைவு வந்ததும் தொழுதால் போதும். அதற்கு வேறு பரிகாரமில்லை. அறிவே நீங்கிய நிலையில் கடமை இல்லை. மூவரைவிட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டதாகக் கூறும் பிரபலமான நபிமொழியைப் பதிவு செய்யும் அபூதாவூத் (ரஹ்) அவர்கள், முதுமையால் அறிவு தடுமாறியவரையும் சேர்த்துச் சொல்லும் ஓர் அறிவிப்பையும் குறிப்பிடுகிறார்கள்.

நோன்பு: மறந்து உண்பதால் நோன்பு முறியாது. உண்டவரைக் கண்டு, “நோன்பைக் கெடுத்துட்டீங்களே!” என்று கூச்சலிடுபவரே அறியாதவர். உடல் தளர்ந்து நோற்க இயலாதவருக்கு ஃபித்யா உண்டு. அறிவே நீங்கியவருக்கு நோன்பும் கடமையில்லை. எந்த நிலையில் இருக்கிறார் என்பதை வைத்து உள்ளூர் உலமாக்களிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

பொருள்: கடனை எழுதும் விதி பற்றிக் கூறும் ‘அல்பகரா’வின் 282-வது வசனம், சொல்லி எழுதவைக்க இயலாத பலவீனருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்ல வேண்டும் என்கிறது. ‘நீதியுடன்’ என்ற நிபந்தனையை மறந்துவிடக் கூடாது. தெளிவில்லாத தந்தையின் கையைப் பிடித்துப் பத்திரத்தில் ஒப்பமோ கைநாட்டோ வாங்கிக்கொள்ளும் மக்களைப் பற்றி நாம் கேள்விப்படாமல் இல்லை. விளங்கிக்கொள்ளாதவரின் கொடுக்கல் வாங்கல் மார்க்கத்தில் செல்லாது. அவருடைய வீடும், வாடகையும், சிலருக்கு வரும் பிரெஞ்சுப் பென்ஷனும் அவருக்கே உரியவை. அவருடைய தேவைக்குப் போகவே மற்றது. நம் மத்ஹபின்படி அவர் பொருளிலிருந்து ஜகாத்தும் பொறுப்பாளர் மூலம் நிறைவேற வேண்டும். அறிவு நீங்கினாலும் ஏழையின் பங்கு நீங்கவில்லை என்றால், அவருடைய சொந்தப் பங்கு மட்டும் எப்படி நீங்கும்?

இதே அளவுகோலை வீட்டுக் காரியங்களிலும் கொள்ள வேண்டும். பணத்தை எண்ண இயலாதவர் தஸ்பீஹ் மணியை உருட்டுவார். சமையலின் வரிசையை மறந்த உம்மா, அரிசியில் கல் பொறுக்குவார், பூண்டு உரிப்பார். “நீங்க சும்மா உக்காருங்க” என்று எல்லாவற்றையும் பிடுங்கினால், இருப்பதும் விரைவில் போய்விடும். எது அவரால் இயலவில்லையோ அதை மட்டும் நாம் சுமக்க வேண்டும். இயலுகிறதை அவரிடமே விட்டுவிட வேண்டும். இமாம் பிழையைச் சுமக்கிறார், தொழுகையைப் பறித்துக்கொள்வதில்லை.

யார் மீது கடமை?

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டில் மூன்று ஆண்டுகள் சுமந்தவர் மருமகள். மகனுக்குத் தெரியவே இல்லை. நம் ஊரில் ஆண்மக்கள் பிரான்சிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். பணம் அனுப்புகிறார்கள், தொலைபேசியில் ஸலாம் சொல்கிறார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் வாப்பா பழைய கதையைச் சரளமாகப் பேசிவிடுவார். மகன் மனநிறைவோடு வைத்துவிடுவார். ஆனால் ‘பனூ இஸ்ராயீல்’ அத்தியாயத்தின் 23-வது வசனம், பெற்றோரை நோக்கிச் ‘சீ’ என்றும் சொல்லக் கூடாதெனத் தடுத்தது யாரை? பெற்ற பிள்ளையை. மாமனார் மாமியாருக்குப் பணிவிடை செய்வது மருமகளின் மார்க்கக் கடமையன்று. அது அவர் செய்யும் உபகாரம். உபகாரத்தைக் கடமையாக்கி, கடமையை மறந்துவிடுவது எந்த நியாயத்தில் சேரும்? அப்பெண்ணுக்கு ஓய்வு வேண்டும். மாற்று ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, “நீ செய்வது எனக்குத் தெரியும்” என்ற ஒரு சொல்லாவது வேண்டும்.

நாம் சொன்ன பதில்

அந்தச் சகோதரரின் மஸ்அலாவுக்கு நாம் இவ்வாறு பதில் கூறினோம்: “தடுக்காதீங்க நானா. தொழுதாச்சுன்னு ஒரு தடவை மெதுவாச் சொல்லுங்க, கேக்கலைன்னா விட்டுடுங்க. தொழலையேன்னு பயந்துதானே மறுபடியும் நிக்கிறாங்க? அதுல பாவம் எங்கே இருக்கு? முடிஞ்ச நேரம் ஜமாஅத்துக்குக் கூட்டிட்டு வாங்க. நீங்களே பக்கத்துல நில்லுங்க. டாக்டர்கிட்டே காட்டுங்க, உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. காலை நேரத்துல, மனசு தெளிவா இருக்கும்போது, கடன், அமானிதம் பத்திக் கேளுங்க.”

அவர் அவ்வாறே செய்தார். மருத்துவர் சோதித்து, நோய் தொடக்க நிலையில் இருப்பதாகச் சொன்னார். பின்பு ஒரு காலையில், பஜ்ருக்குப் பின், பெரியவர் தாமாகவே ஒரு பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். கூட்டு வியாபாரத்தில் இருந்து மறைந்துபோன ஒருவருக்குத் திருப்ப வேண்டிய தொகையை அதில் காட்டியிருக்கிறார். அந்தப் பக்கத்தைப் பற்றி வீட்டில் எவருக்கும் தெரியாது. மகன் அந்த வாரிசுகளைத் தேடிச் சென்று கொடுத்துவிட்டு வந்தார். அன்று மாலையே பெரியவர், “அந்தக் கடனைக் கொடுக்கணுமே” என்று மீண்டும் சொன்னாராம். “கொடுத்தாச்சு வாப்பா” என்றார் மகன். மறுநாளும் கேட்டார், மறுநாளும் அதே பதில். இப்போது மகன் சலித்துக்கொள்வதில்லை. வாங்கிவந்த ரசீதை வாப்பாவின் தலையணைக்கு அருகிலேயே வைத்திருக்கிறார். கேட்கும்போதெல்லாம் எடுத்துக் காட்டுகிறார்.

அடியான் நோயுற்றால், உடல்நலத்துடன் இருந்தபோது செய்துவந்த நற்செயல்களுக்குரிய கூலி அவனுக்கு எழுதப்படும் என்று அபூமூஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரியில் உள்ளது. பெரியவர் மறந்த அஸர்களை மலக்குகள் மறந்திருக்க மாட்டார்கள். நாம் நம் கடமையை மறந்துவிட்டோமா என்பதே கேள்வி.

வயதின் கடைக்கோடிக்குத் தள்ளப்படுவதிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடிய நம் நாயகம் (ஸல்) அவர்களின் வழியில் நாமும் பாதுகாவல் தேடுவோமாக! அந்நிலையை அடைந்துவிட்ட நம் பெற்றோருக்குக் கண்ணியம் குறையாமல் துணை நிற்கும் நற்பேற்றை நமக்கும், அவர்களைத் தாங்கி நிற்கும் கைகளுக்கு வலிமையையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.